தோண்டும் முன்

முப்பத்தாறு வயதில் எனக்கொரு பால்பல் விழுந்தது.
சோஹார் துறைமுகச் சாலை, காலை பத்தரை,
வண்டியை நிழலில் நிறுத்திவிட்டுக்
காய்ந்த குபூஸைக் கடித்த கடி.
உள்ளங்கையில் அரிசி போலக் கிடந்தது,
வேர் தேய்ந்து.
பிஸ்வகர்மா எட்டிப் பார்த்து,
"தாஸ் பாய், இன்னும் வளர்ற வயசா?" என்றான்.
டிஷ்யூவில் சுற்றிக் கேம்ப் கூரைமேல் எறிந்தேன்,
ஏசிப் பெட்டிகளுக்கு நடுவே.
எதற்கென்று அவன் கேட்டான்.
புதுசு முளைக்கும் என்றேன்.

என் வேலை இது:
யாராவது தோண்டும் முன்
சக்கரக் கருவியைத் தரைமேல் தள்ளிப்போய்
கீழே என்ன கிடக்கிறது என்று சொல்வது.
கேபிளுக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம்.
எந்த வரைபடத்திலும் ஏறாத பழைய ஃபலஜ் வாய்க்கால்
சில நாள் திரையில் வில்லாக வளைந்து வரும்.
அன்றைக்கு ஜேசிபிக்கு விடுமுறை.

டாக்டர் ஹனான் சூடான்காரர்.
ஃபலஜ் அல் கபாயிலில், மொபைல் கடைக்கு மேலே.
தலையைச் சுற்றி ஓர் இயந்திரம் மெல்ல நடந்தது.
பிறகு காட்டினார்:
மேலண்ணத்தில், முன்பல் வேர்களுக்குப் பின்னால்
படுத்துக் கிடந்தது என் கோரைப்பல்.
முழுசாக. ஒருநாளும் எதையும் கடிக்காமல்.

"பன்னிரண்டு வயதில் இறங்கியிருக்க வேண்டியது.
வழி மாறிவிட்டது.
ஈறைத் தடவி யாரும் பார்க்கவில்லையா?"
வலிக்கவே இல்லையே, என்றேன்.
"வலிக்காது. பக்கத்து வேரை அரித்தாலும்
பல நேரம் வலிக்காது. அதுதான் தொல்லை."

விட்டுவிட்டு அவ்வப்போது படம் எடுத்துப் பார்க்கலாம்.
எடுத்துவிட்டு வேறு பல் பொருத்தலாம்.
இல்லை, அண்ணத்தைத் திறந்து
பல்லின் மேல் ஒரு கொக்கி ஒட்டிச்
சங்கிலி போட்டு இழுக்கலாம்.
எலும்போடு ஒட்டிப்போயிருந்தால் நகராது.
இந்த வயதில் அது நடப்பதுண்டு,
இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.
ஒன்றரை வருடம். இரண்டும் ஆகலாம்.
என் விசாவில் இருபது மாதம் மிச்சம்.
இன்சூரன்ஸ் அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில்:
பற்கள் நீங்கலாக.

இரவு பெல்சியாவுக்கு வீடியோவில் காட்டினேன்.
வெளிச்சத்துக்கு வா என்றாள்.
இன்னும் திற என்றாள்.
பிறகு, "நீ சிரிக்கிறப்பல்லாம்
எதையோ மறைக்கிறன்னு நெனைச்சிருக்கேன்" என்றாள்.
எதை என்று நான் கேட்கவில்லை.
"இழுத்துப் பாரு. ஸ்கூல்ல நான் தவணை கேக்குறேன்."

அறுவை முடிந்து வாய் கட்டையாகக் கனத்தது.
நாலு நாள் கஞ்சி, அதுவும் ஆறியது.
பதினோரு வருடத்தில் எத்தனை பவுன்
மூன்று கல்யாணங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.
எனக்கென்று வாங்கியது இந்தச் சங்கிலிதான்,
அரை அங்குலம்,
தங்கம்கூட இல்லை, முலாம்.

மாதம் ஒரு கண்ணி சுருக்கினார்.
முதல் மாதம் ஒன்றுமில்லை.
இரண்டாம் மாதம் மற்றப் பல்லெல்லாம் வலித்தது,
இழுபடுவதைத் தவிர.
மூன்றாம் மாதம் ஹனான் அதிகம் பேசவில்லை.
நான்காம் மாதம் அளவுகோலை வைத்தார்,
எடுத்தார், கண்ணாடியைத் துடைத்து
மறுபடி வைத்தார்.
"ஒரு மில்லிமீட்டர். கொஞ்சம் குறைவு.
ஒட்டவில்லை, வருகிறது."
வாய் நிறையப் பஞ்சோடு நான் சிரித்தேன்.
அசையாதே என்றார்.

இன்று ரவுண்டானா அருகே
எண்பது சென்டிமீட்டர் ஆழத்தில்
எதுவோ வில்லாக வளைந்தது.
வரைபடத்தில் இல்லை.
ஜேசிபி உறுமிக்கொண்டு நிற்க,
ஃபோர்மன் கடிகாரத்தைப் பார்க்க,
மண்ணில் மஞ்சள் பெயிண்டால்
கேள்விக்குறி ஒன்று போட்டேன்.
நாக்கு தானாக மேலே போய்
அந்த முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது.