பதினொரு சட்டைகள்

ஓஷிவாராவில் மூன்றாம் மாடி. காலை ஐந்தேகால்.
அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
கண்ணாடிச் சுவரோரம் நிற்கிறேன்.
இரும்பு விழும்போதெல்லாம் தரை திடுக்கிடுகிறது.
நான் திடுக்கிடுவதை
இரண்டாம் வாரத்தோடு விட்டுவிட்டேன்.

'இன்னும் ஒண்ணு' என்கிறார் பயிற்சியாளர் ஹோர்மஸ்.
அவர் சொல்லும் ஒண்ணுக்குப் பின்னால்
இன்னும் ஒண்ணு இருக்கும்,
கந்துவட்டிக் கணக்கு மாதிரி.

சனிக்கிழமைதோறும் அளவெடுப்பு.
மார்பு முப்பத்தெட்டு, முப்பத்தொன்பதரை, நாற்பத்தொன்று.
புஜம் பதினான்கு, பதினைந்தேகால்.
இடுப்பு மட்டும் கீழே இறங்கும்.
என் நோட்டில் நிர்வான் சைகல் என்கிற ஒரே ஆள்
ஐந்து பேராக இருக்கிறார்.
நாடா முதுகைச் சுற்றி வரும்போது
மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்.
'விடுங்க சார், பொய் மூச்சுக்குத் தைச்சா
பட்டன் தெறிக்கும்' என்பேன்,
என் தூத்துக்குடி இந்தியில்.
சிரிப்பார். சிரித்தால் வயிறு வலிக்கிறது என்பார்.

கடைசிச் சண்டையில் சட்டை கிழியவேண்டும்.
கிழிவதற்கென்றே பதினொரு சட்டை:
தோள் மூட்டில் ஒற்றை நூல்,
முன்துணியில் பிளேடால் இழை இழையாய்க் கீறல்,
அழுக்குக்கு டீத்தூள் சாயம்.
ஏழு அவருக்கு. நான்கு விலாஸுக்கு.

விலாஸ் காம்ப்ளே டூப்.
கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுகிறவர்.
சட்டை மட்டுமல்ல, உடம்பும் ஒன்றுபோல் இருக்கவேண்டுமாம்.
அவருக்குக் கம்பெனி முட்டை கிடையாது.
மலாடு சந்தில் ஒரு ஜிம், மூன்று மாதக் கடன்,
வேகவைத்த கடலை.
அதிலேயே நாற்பத்தொன்றுக்கு வந்து சேர்ந்தார்,
ஹீரோவுக்கு இரண்டு நாள் முன்னதாக.
அதையும் எழுதிவைத்தேன்.
யாரும் கேட்கவில்லை.

படப்பிடிப்புக்கு இரண்டு நாள் இருக்கையில்
தண்ணீரை நிறுத்தினார்கள்.
உப்பை எப்போதோ நிறுத்தியாயிற்று.
தோல் வற்றினால்தான் தசை தெரியுமாம்.
கருவாடு என்று நினைத்தேன். சொல்லவில்லை.

கோரேகாவ் செட். மதியம்.
உதடு வெடித்து உட்கார்ந்திருந்தார்.
நான் மூலையில் டப்பாவைத் திறந்தேன்,
அன்றைக்கென்று பார்த்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு.
'தீதி, மூடியை மட்டும் கொடுங்க.'
உட்புறம் ஆவி முத்து முத்தாய் நின்றிருந்தது.
மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடினார்.
நாக்கு ஒருமுறை வெளியே வந்து
உள்ளே போய்விட்டது.
ஹோர்மஸ் எங்களுக்கு முதுகைக் காட்டி
போனில் பேசிக்கொண்டிருந்தார்.
வேண்டுமென்றேதான் காட்டினாரோ என்று
பிறகு தோன்றியது.

முதல் டேக்கில் சட்டை கிழியவில்லை.
என் தப்பு. கைப்பழக்கத்தில் ஓரிடத்தில்
இரட்டைத் தையல் விழுந்திருந்தது.
இழுத்தார். மறுபடி இழுத்தார்.
அவ்வளவு தசைக்கும்
ஒரு நூலை அறுக்க வலுவில்லை.
ஓடிப்போய்ப் பல்லால் கடித்துவிட்டேன்.
என் காது அவர் நெஞ்சோரம் இருந்தது.
உள்ளே, துணி வைக்காமல்
தையல் மிஷின் ஓடுகிற சத்தம்.

அடுத்த டேக்கில் அழகாகக் கிழிந்தது.
எல்லோரும் கைதட்டினார்கள்.
அவர் தண்ணீர் கேட்டார்.
விலாஸ் விழுந்தது அதற்கப்புறம்.
மூன்றாம் சட்டையில்தான் ஓகே ஆனது.

ஹீரோவின் ஆறையும்
கம்பெனி எண்ணி வாங்கிக்கொண்டது.
விலாஸின் நான்காவதை எண்ண மறந்தது.
'எனக்குத் தருவீங்களா?' என்று கேட்டார்,
முழங்கையில் பிளாஸ்திரியோடு.
கீறல்களை இழை சேர்த்து,
தோளுக்கு இரட்டைத் தையல் போட்டு,
பக்கங்களில் ஒன்றரை அங்குலம்
உள்ளே விட்டுக் கொடுத்தேன்.
அந்த உடம்பு பெருக்குமா இளைக்குமா என்பது
இனி வரப்போகும் ஹீரோவின் கையில்.