மார்ச் வரைக்கும்

ரெஜைனாவில் கார்களுக்கும் மின்சாரம் ஊட்டவேணும்.
மைனஸ் முப்பத்தொன்று.
மூக்கிலிருந்து வயர் தொங்க
வாகனத் தரிப்பிடத்தில் வரிசையாய் நிற்கின்றன,
வார்டில் கிடக்கிற ஆட்கள் மாதிரி.
நாங்கள் ஒன்பது பேர், கீழே, நிலக்கீழ் அறையில்.

செவ்வாயும் வியாழனும் சிறுநீர் கொடுக்கவேணும்.
சுத்தமென்றால்
மீன் வளர்க்கிற கண்ணாடிக் கிண்ணத்துக்குள் கைவிட்டு
ஒரு துண்டு எடுக்கலாம்.
பாதித் துண்டுகளில் 'நல்லது, தொடருங்கள்' மட்டும்.
சிலதில் கோப்பி. சிலதில் பஸ் டிக்கெட்.
ஒன்றில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறதாம்;
அதை எடுத்தவனை ஒருவரும் கண்டதில்லை.
நாற்பத்தொரு நாளில்
எனக்கு ஐந்து கோப்பி.

இந்தச் செவ்வாய் மார்லிஸ்
வேறொரு பெட்டியை மேசையில் கவிழ்த்தாள்:
உறை பிரிக்காத ஊசிகள், ஆணுறைகள்,
சுண்டுவிரல் அளவில் தண்ணீர்க் குப்பிகள்.
நிறுத்த வந்த இடத்தில் ஊசியா என்று
ஓரின் கதிரையைத் தள்ளி எழும்பி
கதவுமட்டும் போனான்.
என் இடது முழங்கை தானாய் விரிந்ததை
நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அப்போதுதான் டெல்மர் வாய் திறந்தான்.
சனிக்கிழமை வழுக்கிவிட்டேன்.
ஆனால் புதுசு உடைத்தேன்.
தம்பி என்னுடையதைக் கேட்டான், கொடுக்கவில்லை.
அவனுக்கும் ஒரு புதுசு உடைத்தேன்.

கைதட்டுவதா தலைகுனிவதா
எங்களுக்குத் தெரியவில்லை.
சட்டப்படி அவனுக்குக் கிண்ணம் இல்லை.
மார்லிஸ் கிண்ணத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்,
மேலே சமையலறைக்குப் போய்
விளிம்பு உடைந்த சூப்புக் கோப்பையோடு இறங்கி வந்தாள்.
உள்ளே ஒரே ஒரு துண்டு. தானே எழுதிப் போட்டது.
என்ன இருந்ததென்று டெல்மர் காட்டவில்லை.
ஓரின் திரும்பி வந்து இருந்தான்,
கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு.

அன்றைக்குத்தான் நான் விரலை நீட்டினேன்.
ஒரு துளி. ஒரு நிமிடம்.
ஒரு புள்ளி வந்தால், சோதனை வேலை செய்கிறது, அவ்வளவுதான்.
இரண்டு வந்தால்...
நாலாம் வகுப்பில் படித்ததா
அந்நேரம் ஞாபகம் வரவேணும்:
மெய்க்கு மேலே புள்ளி வைத்தால்
அதற்குள் உயிர் இல்லை.

ஒன்று.
ஒன்றோடு நின்றது.

ஆனால் மார்லிஸ் நாட்காட்டியில் விரல் வைத்து
நத்தார் இரவிலிருந்து எண்ணினாள்.
லொறிக் கேபினுக்குள் மூன்று பேர், ஒரு ஊசி.
உன் இரத்தம் இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்றாள்,
மார்ச் கடைசியில் திரும்ப வா.
அதுவரைக்கும் வீட்டில்?

வீட்டில் வதனி.
நான் எடுத்தது அவளுக்குத் தெரியும்.
எப்படி எடுத்தேன் என்பது தெரியாது.
புகைத்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒத்திகை பார்ப்போம் என்றாள் மார்லிஸ்.
டெல்மர் என் மனைவியானான்.
ஆறடி நாலங்குலம், கழுத்தில் கழுகு பச்சை குத்தியவன்,
கைகளை மடியில் வைத்துக்கொண்டு
என்னையே பார்த்தான்.
ஆங்கிலத்தில் தொடங்கினேன்;
காப்புறுதிக் கடிதம் மாதிரி வந்தது.
வீட்டில் கதைக்கிற பாஷையில் சொல்லு என்றான்.

'வதனி, மார்ச் வரைக்கும் உறை இல்லாமல் வேண்டாம்.
ஏனெண்டு கேட்பீர்.
கேளும்.'

ஒரு சொல்லும் விளங்காத டெல்மர்
கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு
'எத்தனை நாளாய் இதை வைத்திருக்கிறாய்?' என்றான்.
அந்தக் கேள்விக்கு
நாங்கள் மறுமொழி எழுதி வைக்கவில்லை.

எட்டு மணிக்கு மேலே வந்தேன்.
வதனி வயரைக் கழற்றிச் சுருட்டிப் பின்சீட்டில் போட்டுவிட்டு
ஸ்டியரிங்கில் இருந்தாள்,
கண்ணாடியில் ஐஸ் சுரண்டின கை சிவந்து.
'இண்டைக்கு என்ன கிடைச்சது? கோப்பியோ?'

பொக்கற்றுக்குள் மூன்று உறை,
ஒரு பஸ் டிக்கெட்.

'காரை இப்ப எடுக்காதையும்' என்றேன்.
'கொஞ்சம் சூடேறட்டும்.'