எந்தக் குளிரில்?

நார்விக் துறைமுகத்துக்கு மேலே
சன்னலில்லாத ஓர் அறை.
பிப்ரவரியில் பிளந்த காற்றாலை இறகை
ஒட்டியிருந்த அதே பிசின்
நாயெலும்பு வடிவத்தில் வார்க்கப்பட்டு
தட்டில் வரிசையாகக் கிடக்கிறது.
ஒவ்வொன்றின் முதுகிலும் மெழுகுப் பென்சிலில் ஓர் எண்.

ஒட்வார் பதினேழை எடுத்து
எந்திரத்தின் இரு தாடைகளுக்கும் கொடுக்கிறான்.
பெட்டிக்குள் எழுபத்தைந்து டிகிரி.
எந்திரம் இழுக்கிறது.
சத்தமே இல்லை.
கேட்ட தாளிலெல்லாம் கையெழுத்துப் போடும்
கடன்காரனைப் போல
பிசின் வளைந்து கொடுக்கிறது.
தாங்கியது என்று சொல்ல முடியாது,
முறிந்தது என்றும் எழுத முடியாது.
அவன் காப்பி ஊற்றிக்கொண்டு திரும்பும்போதும்
நீண்டுகொண்டுதான் இருக்கிறது.

பதினெட்டு.
இப்போது பெட்டிக்குள் நைட்ரஜன் வெண்மூச்சு விடுகிறது.
மைனஸ் நாற்பது.
ஒட்வார் இடது காதின் செவிக்கருவியைக் கழற்றிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
எந்திரத்தின் சட்டத்தில் உள்ளங்கையை வைக்கிறான்.
திரையில் கோடு நிமிர்ந்து ஏறுகிறது,
சூட்டில் நின்ற உயரத்தைத் தாண்டி,
அதன் இரு மடங்கைத் தாண்டி,
இனி இதை யாரும் அசைக்க முடியாது என்று
நினைக்கத் தோன்றும் இடம்வரை.

சொல்லாமல் கொள்ளாமல்
உள்ளங்கையில் ஓர் அறை.

தரையெல்லாம் சில்லு.
முறிந்த முகம் கண்ணாடியாய்ப் பளபளக்கிறது.
ஓரத்தில் மட்டும் ஒரு கடுகளவு பள்ளம்,
வார்க்கும்போது சிக்கிய காற்றுக்குமிழ்.
சூட்டில் இதை யார் பொருட்படுத்தினார்கள்?

ஒஸ்லோவிலிருந்து, காப்பீட்டு நிறுவனத்துக்காக
வந்திருக்கிறாள் மாரென்.
"படிவத்தில் ஒரே ஒரு கட்டம் காலி.
இந்தப் பிசின் எவ்வளவு தாங்கும்?"
அவன் கருவியை மாட்டிக்கொள்கிறான்.
மறுபடி கேட்கிறாள்.
"எந்தக் குளிரில்?"

அவள் சிரிக்கிறாள். அவன் சிரிக்கவில்லை.
"பிசின் ஒன்றுதானே?"
"ஒன்றுதான்.
தொழிற்சாலையில் சோதித்தபோது இருபத்துமூன்று டிகிரி.
இருபத்துமூன்றில் எல்லோரும் நல்லவர்கள்."

கட்டம் சின்னது.
அவள் மூன்று எண்களை நெருக்கி எழுதுகிறாள்,
மூன்றாவது கோட்டுக்கு வெளியே போய் விழுகிறது.

வெளியே இருட்டிவிட்டது, மாலை மூன்று மணி.
வாடகைக் காரின் கண்ணாடி முழுக்க உறைபனி.
இருக்கைக்கடியில் கிடந்த மஞ்சள் பிளாஸ்டிக் சுரண்டியை
எடுத்து அழுத்துகிறாள், இன்னும் அழுத்துகிறாள்.

டக்.

கையில் பிடி மட்டும்.
திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொள்கிறாள்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு
தெருவிளக்கடியில் போய் நின்று
அதன் முறிந்த முகத்தில்
குமிழைத் தேடுகிறாள்.