மஞ்சள் அட்டை

மூன்றாம் நாள் காய்ச்சலைத்தான்
என்னிடம் கொண்டுவந்தார்கள்.
முதல் நாளுடையது மருந்துக்கடையில்
அரைப்புட்டி சிரப்பாகத் தீர்ந்திருந்தது.
இரண்டாம் நாளுக்கு ஓர் ஊசி, நூற்றைம்பது ரூபாய்.
போட்டது யார் என்றேன்.
பச்சைக் கதவு, என்றாள் ராய்மதி.
அவளிடம் இருந்த தமிழ்
கதவு, செங்கல், தண்ணி, கூலி.
பிறகு, ஜர, ஜர, என்றாள்.
அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

ஆத்தங்குடிச் சாலையில் ஒரு வீட்டைக் கழற்றுகிறார்கள்.
இடிப்பதென்றால் விலை போகாது, கழற்றினால் போகும்.
தூண் தனி, நிலை தனி, சுவரில் உரித்த கல் தனி.
கொராபுட்டிலிருந்து வந்த நான்கு குடும்பம்
இரண்டாம் கட்டில் தார்ப்பாய்க்குக் கீழே
கழற்றக் கழற்ற நகர்ந்து படுக்கிறது.

சுக்ரிக்கு இரண்டரை வயது.
விரலைக் குத்தினேன்.
அழவில்லை.
குத்தியும் அழாத குழந்தை என்றால்
எனக்குக் கை நடுங்கும்.

கண்ணாடியில் சாயம் காயும்வரை
மின்விசிறியை நிறுத்திவைத்தேன், ஏனென்று தெரியவில்லை.
லென்ஸுக்கடியில்
சிவப்பணுவுக்குள் ஒற்றைக்கல் மோதிரம்.
ஒன்றுக்குள்ளேயே இரண்டு. பக்கத்திலும்.
நகைக்கடைத் தட்டை யாரோ கொட்டியது மாதிரி.
எட்டு வருஷத்தில் வைவாக்ஸ் பார்த்திருக்கிறேன்.
பால்சிபாரம் பார்த்தது
பயிற்சியில் தந்த பழைய ஸ்லைடு பெட்டியில் மட்டும்.

அடைக்கலமேரி அலமாரியைத் திறந்தாள்.
வெள்ளை அட்டை மூன்று. பெரியவர்களுக்கு.
ஒன்று காலாவதி.
இந்த வயதுக்கு மஞ்சள்தான், மஞ்சள் இல்லை.
உடைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டவளும் நான்தான்,
வேண்டாம் என்றவளும் நான்தான்.
டாக்டர் காரைக்குடிக்குப் பேசினார், அங்கும் இல்லை.
சிவகங்கையில் இருந்தது.
மாவட்டத்தில் இருப்பு உண்டு, என்று
மாதாமாதம் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறோம்.
பொய்யில்லை.
மாவட்டம் அவ்வளவு அகலம்.

ஜீப் கொசுப்புகைக்குப் போயிருந்தது.
கடைசியில்
கல்யாணப் பத்திரிகைக் கட்டு வருவதைப் போல
பஸ்ஸில் வந்தது மருந்து.
கண்டக்டர் வெள்ளைச்சாமி
டிக்கெட் பைக்குள் வைத்து, மடியில் வைத்து,
நிறுத்தமில்லாத இடத்தில் விசிலடித்து இறங்கி
என்னா புள்ள, எப்படி இருக்கு, என்றார்.
மணி நாலு நாற்பது.
காலையிலிருந்து ராய்மதி
பெஞ்சில் உட்காரவே இல்லை.

ஸ்பூனில் பொடித்துத் தண்ணீரில் குழைத்தோம்.
அரை மணி நேரம் கக்காமல் இருக்க வேண்டும்.
மூன்று பெண்கள் சுவர்க் கடிகாரத்தையும்
ஒரு சின்ன வாயையும்
மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
இருபத்தாறாவது நிமிஷம் ஒரு குமட்டல்.
ஏப்பம்தான்.
அடைக்கலமேரி சிரித்தாள், பிறகு கழிவறைக்குப் போய்
வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டாள்.

நாளைக்கும் மறுநாளைக்கும் எப்படிச் சொல்வது?
விரல் காட்டினேன்.
ராய்மதி தலையசைத்துவிட்டு
இடுப்பு முடிச்சிலிருந்து சாக்குக்கட்டி எடுத்தாள்.
கழற்றும் மரத்துக்கெல்லாம் எண் போடுவது அவள்தான்.

மறுநாள் போய்ப் பார்த்தேன்.
முற்றத்துத் தூணில் 14 என்ற எண்ணுக்குக் கீழே
மூன்று கோடு, இரண்டு அடித்திருந்தது.
பர்மாத் தேக்கு.
அந்தக் காட்டில் இதை வெட்டியவனுக்குக் குளிர் வந்தபோது
கொயினா யார் கொடுத்தார்கள் என்று
எந்தப் பேரேட்டிலும் இருக்காது.
மேஸ்திரி முத்தரசு அவசரப்பட்டான்.
தூணுக்கு லாரி வந்துவிட்டது.

மருந்து முடிந்ததும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.
குத்தினேன்.
பக்கத்து ரேஷன் கடை வரிசை
திரும்பிப் பார்க்கும்படி அழுதாள் சுக்ரி.
அழு, அழு, என்றேன், பஞ்சை அழுத்திக்கொண்டு.

அந்த வீட்டில் இன்னும் ஐந்து குழந்தைகள்.
மஞ்சள் அட்டை பத்து கேட்டு எழுதினேன்.
இரண்டு என்று பதில், அதுவும் வரவில்லை.
வெள்ளைச்சாமியின் நம்பரை
என் போனில்
'மருந்து' என்று சேமித்து வைத்திருக்கிறேன்.