இடாப்பு

காலை ஏழே முக்காலுக்கு மணி அடிப்பது நானில்லை.
மூத்தவள் ஷெறின்,
தகப்பனின் பழைய சைக்கிள் மணியைக் கழற்றி
அறைக் கதவின் பிடியில் கட்டி வைத்திருக்கிறாள்.
அடித்தால் அடித்ததுதான்.
புட்டுக் கோப்பையோடு நிற்பவன் அப்படியே நிற்க வேண்டும்.
செபத்தில் உணவு கேட்கிற வரி வரும்போது
டெனிஸ்ரன் ஒரு கண்ணைத் திறந்து
சம்பல் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பான்.

பிறகு இடாப்பு.
எண்பது பக்கச் சீ.ஆர். கொப்பி,
அடிமட்டம் வைத்துச் சிவப்பில் கீறிய கட்டங்கள்.
ஷெறின், டெனிஸ்ரன், மினோஷா,
ஏணையில் கிடக்கும் ஜோயல்
(அவனுக்காக மினோஷா கத்துவாள்),
பூனை, அப்பா,
ஏழாவதாக நான்.
அப்பாவின் கட்டத்தில் வரவில்லை என்று போடமாட்டாள்.
சின்னதாக ஒரு வள்ளம் கீறுவாள்.

வெங்காயம் வெட்டிய மேசையிலேயே பின்னம் படிக்கிறோம்.
அரையும் காலும் எங்கள் வீட்டில் கண்ணெரிய வைக்கும்.
மினோஷாவின் ழ
வாலை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கொப்பியை விட்டு மேசைக்கு இறங்கிவிடுகிறது.
ஏழெட்டு எவ்வளவு என்று டெனிஸ்ரனைக் கேட்டால்
"ஏழெட்டுத்தான் அம்மா,
சரியாச் சொல்ல ஏலாது" என்கிறான்.
திட்ட வாயெடுத்துச் சிரித்துவிட்டேன்.
அன்றைக்குக் கணக்குப் பாடம் அதோடு சரி.

மதிலுக்கு மேலால் ஜெசிந்தா அக்காவின் தலை மட்டும் வரும்.
"உவள் புலமைப்பரிசில் எடுக்கிறேல்லையோ?
என்ரை மருமோள் மூண்டாம் வகுப்பிலையே
ரண்டு ரியூசன்."
நான் உடுப்புக் காயப்போடுவேன்.
போன மாரியில் டெனிஸ்ரன்
பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கண்டாலே சத்தி எடுத்தான்.
அதற்காக வலயக் கல்விப் பணிமனையில்
மூன்று தரம் கையெழுத்து வைத்தேன்.
மதிலுக்கு மேலால் சொல்கிற கதையா அது?

வெள்ளி இரவு, நண்டுக் கணக்கு எழுத
வெறும் தாள் தேடி இடாப்பைத் திறந்தேன்.
செவ்வாய்க்கிழமை.
பூனை: வரவு.
அம்மா: வரவில்லை.

படுத்திருந்தவளை எழுப்பிக் கேட்டேன்.
செவ்வாய் முழுக்க நான் இங்கைதானேயடி நிண்டனான்?
புட்டு அவிச்சன், தோய்ச்சன்,
சொல்வதெழுதல் கூடச் சொன்னன்.

"சொன்னனீங்கள்" என்றாள், கண்ணைத் திறக்காமல்.
"ஒரே சொல்லை நாலு தரம் சொன்னனீங்கள்.
நாங்களும் நாலு தரம் எழுதினம்."

கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன்.
காற்று.
காற்று.
காற்று.
காற்று.
மூன்று கையெழுத்தில், மூன்று கொப்பியில்.
மினோஷாவின் நாலாவது காற்றில்
ற்-இன் புள்ளி பறந்து போயிருந்தது.

அன்றைக்கு விடியவே கடல் பேயாய் இரைந்தது.
அவருடைய போன் வேலை செய்யவில்லை.
அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை என்றுதான்
நினைத்திருந்தேன்.
மத்தியானம் இரண்டு மணிக்கு
பாதி வலையோடும் முழுக் கோபத்தோடும் வந்து
"சோறு இருக்கோ" என்றார்.
ஷெறின் ஓடிப்போய் வள்ளத்தின் மேல்
வரவு என்று எழுதியிருக்கிறாள்.
என் கட்டத்தைத் திருத்தவில்லை.

திங்கட்கிழமை மணி அடித்தது.
ஜோயலை இடுப்பில் வைத்துக்கொண்டு
வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.
என் பெயரை முழுதாக வாசித்தாள்,
மேரி டொறத்தி மரியநேசன்.
வந்திட்டன் ரீச்சர் என்றேன்.
டெனிஸ்ரன் சிரித்ததற்குத் தோப்புக்கரணம் போட்டான்.
நிலப்படத்தில் தீவுகளைக் காட்டிக்கொண்டிருந்தேன்,
நெடுந்தீவுக்கு வரமுதல் பால் பொங்கியது,
ஓடினேன்,
ஜோயல் அழுதான், காஸ் முடிந்தது,
தபால்காரர் வந்தார்,
திரும்பி வந்தபோது மினோஷா
நெடுந்தீவுக்குக் குதிரை கீறி முடித்திருந்தாள்.

பின்னேரம் பார்த்தால்
என் கட்டத்தில் அரை நாள்.

பால் பொங்கினதுக்குக் கடிதம் தந்தால்
முழு நாள் போடலாமாம்.
எழுத்துப்பிழை இருந்தால் திருப்பித் தருவாளாம்.
அடுப்படியில் இருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.
மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு
என்பதற்கு அப்பால்
இன்னும் போகவில்லை.