பத்து மீட்டர்

டார்ட்டு நகரக் கடையில் மேசைமேல் மூன்றை வைத்தார் லெம்பித்.

ஒன்று கைக்கணினியின் தலையிலேயே செருகுவது,
சேவல் கொண்டை மாதிரி.
கணினியின் பேட்டரியைத்தான் அதுவும் குடிக்கும்.
சதுப்புக்காட்டில், மைனஸ் பதினெட்டில்,
ஒன்று போனால் இரண்டும் போச்சு.

அடுத்ததற்கு வால்.
வயரைப் புதர் விடாது என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

கடைசியது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. புளூடூத்.
கடை வாசலில் பனியில் நின்று எண்ணினேன்:
நாலாவது செயற்கைக்கோள் சிக்க
நாற்பத்தேழு நொடி.
விலை அரை மாதச் சம்பளம்.
வாங்கிவிட்டேன்.

குளிரில் அது சாகாமலிருக்க
ஐவாரின் கம்பளித் தொப்பிக்குள் வைத்தோம்,
அவனுக்குத்தான் தலை பெரிது.
வரைபடம் என் கையில்.

எல்லைக்கல் தேடி
பிர்ச் மரங்களுக்குள் போனான்.
நான் நின்ற இடத்தில் நிற்கிறேன்.
'நீங்கள் இங்கே' என்ற புள்ளி
மெல்ல வடக்கே போகிறது,
நிற்கிறது,
குனிந்தவன் போல நடுங்குகிறது,
மறுபடி போகிறது.

பத்து மீட்டர் தாண்டியதும்
இணைப்பு அறுந்தது.
நான் எங்கே என்று
கணினி என்னையே கேட்டது.

ஐவார்! என்று கத்தினேன்.