இரண்டாம் கட்டம்

'தோல்விக்கான காரணம்' என்ற கட்டத்தில்
இருநூற்றைம்பது எழுத்துக்கு மேல் ஏறாது.
அதையும் நான்தான் சோதித்தேன்.
இருநூற்றைம்பத்தோராவது எழுத்தைச்
சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.
பிழை என்று பதிந்தேன்.
அவ்வளவு யாரும் எழுத மாட்டார்கள் என்று மூடிவிட்டார்கள்.

வின்னிபெக், போர்ட்டேஜ் அவென்யூ, பதினோராம் மாடி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே ஒன்பது பேர், ஒரு பெட்டி டோனட்.
துக்கம் கேட்க வந்த வீட்டில் போல
யார் முதலில் பேசுவதென்று
ஸ்பீக்கர் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பனி தள்ளும் வண்டிகளுக்கு வழி சொல்லும் மென்பொருள்.
எந்தத் தெரு முதலில், எந்தச் சந்து பிறகு.
பதினாறு மாதம் என்று தொடங்கியது.
நாங்கள் இருபத்தெட்டு என்றோம்.
எங்களைக் கேட்பதற்கு முன்பே
பதினாறு என்று விற்றாகிவிட்டது.

தேவைகள், முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
கையெழுத்திட்டவர்கள் நான்கு பேர்.
முழுக்கப் படித்தது
எழுத்துப்பிழை எண்ணிய நான்.

பிறகு அந்தச் சொல் வந்தது: முடிந்தது.
ஃபிரீசனுக்கு, அவன் கணினியில் ஒருமுறை ஓடினால் முடிந்தது.
ரொவேனாவுக்கு, மற்றவர்கள் எழுதியதோடு சேர்த்த பிறகும்
உடையாமல் நிற்க வேண்டும்.
மேலாளர் கெய்ட்லினுக்கு அது ஒரு பச்சை நிறம்.
எனக்கு மட்டும் அந்தச் சொல்லின் இன்னொரு பொருளும்
தமிழில் கேட்டுக்கொண்டே இருந்தது.
வாரா வாரம் கேட்டார்கள். வாரா வாரம் சொன்னோம்:
தொண்ணூறு சதவீதம் முடிந்தது.
ஒரு முழுக் குளிர்காலம் தொண்ணூறிலேயே கிடந்தது.

செப்டம்பரில் ஆறு பேரைப் புதிதாய்ச் சேர்த்தார்கள்.
அவர்களுக்கு விளக்கியே அக்டோபர் போயிற்று.
சோதனைக்கென்று வைத்த ஏழு வாரம்
நான்கு நாளாயிற்று.
"நீ வேகமாகப் பார்ப்பாயே, நப்பின்னை."
பாராட்டு மாதிரித்தான் இருந்தது.

செய்து காட்டிய அன்று
மேற்பார்வையாளருக்குக் காய்ச்சல்.
பதிலுக்கு வந்தவர் ஓரெஸ்ட், வண்டி ஓட்டுபவர்,
இரவு வேலை முடித்துத் தூக்கம் கெட்ட கண்ணோடு.
திரையில் நீலத் தெருக்கள் ஒவ்வொன்றாய்ப் பச்சையாயின.
கைதட்டினோம்.
அவர் கேட்டார்:
"தள்ளின பனி எங்கே போகுது?"

எங்கள் அட்டவணையில் பனி ஒரு எண்.
வண்டி போனால் சுழியம்.
அழித்தால் எங்கும் போகாமல்
இல்லாமலே ஆகிவிடுகிற பொருள்களோடு
பிழைப்பு நடத்துகிறவர்கள் நாங்கள்.
அவர் உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார்.
பிளேடு வலப்பக்கம் தள்ளும்.
வலப்பக்கம் வீட்டு வாசல், பஸ் நிறுத்தம், தீயணைப்புக் குழாய்.
"எதை மூடாமல் போறதுங்கறதுதான் என் வேலையே."

நல்ல கேள்வி, என்றாள் கெய்ட்லின்.
வெள்ளைப் பலகையின் ஓரத்தில் எழுதினாள்:
பனி எங்கே? இரண்டாம் கட்டம்.
அந்த ஓரத்தில் ஏற்கெனவே நாற்பது இருந்தன.
பத்தோடு பதினொன்று என்பார்கள்,
இது நாற்பதோடு நாற்பத்தொன்று.
நானும் பார்த்தேன். வாய் திறக்கவில்லை.
என்னிடம் மூடாத பிழைகள் அறுநூறு.
பிழைக்கு எண் கொடுப்போம்,
கேள்விக்கு எண் கொடுக்கும் வழக்கம் இல்லை.

டிசம்பரில் முதல் பெரும்பனி.
எல்லாத் தெருவும் பச்சை என்றது செயலி.
நகராட்சித் தொலைபேசி விடிய விடிய அடித்தது.
மூன்றாம் நாள் ஓட்டுநர்கள்
திரையைக் கவிழ்த்துவைத்துவிட்டு
தெரிந்த வழியில் ஓட்டினார்கள்.

"தகவல் தொடர்பு இடைவெளி," என்றது ஸ்பீக்கர் போன்.
எல்லாரும் தலையாட்டினோம்.
அதையே அடித்தேன்.
கட்டத்தில் நிறைய இடம் மிச்சம்.

இரவு பஸ் பிடித்து வீடு வந்தால்
என் தெரு பளிச்சென்று இருக்கிறது, தார் தெரிய.
என் வாசலில் இடுப்பளவு,
உப்பும் கல்லும் சேர்ந்து இறுகி,
இரண்டாம் கட்டம்.
மண்வெட்டி நிறைய அள்ளிவிட்டேன்.
எங்கே கொட்டுவதென்று
இரண்டு பக்கமும் பார்க்கிறேன்.